மருதாணி அதிகாரி

முன்னொரு காலத்தில் என்று வாயைத் திறந்தால், எந்தக் காலத்தில், எந்த ஊரில் என்று கேட்க எப்போதும் ஒருவர் இருப்பார். ஐயா, எனக்குத் தெரியாது. ராஜா ஒரு வார்த்தை சொன்னால் தலை போகிற காலம். அவ்வளவு தெரிந்தால் போதும், கேளுங்கள். விழுந்து விழுந்து சிரிக்கலாம் என்று நினைத்து வந்திருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதில் சிரிப்பு கொஞ்சம்தான், அதுவும் கடைசியில்தான் வரும்.

அந்த ராஜாவின் பெயர் மகுடேசுவரன். கெட்டவர் இல்லை. சித்திரை மாதத்தில் அவருடைய ராணி மீனலோசனி நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். முப்பது வருஷம் கூட இருந்தவள். ராஜா அழவில்லை. சிதைக்கு முன்னால் நின்றபோதும் அழவில்லை. வீரம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். வீரமாவது மண்ணாவது! அழாமல் அடக்கி வைத்தது எங்கே போகும்? தலைக்கு ஏறிவிட்டது. கருகருவென்று இருந்த முடி நாற்பதே நாளில் பஞ்சாக வெளுத்துவிட்டது.

அரண்மனையில் ஒரு விகடகவி இருந்தான். பூதலிங்கம் என்று பெயர். ராணி போன அன்றிலிருந்து அரண்மனையில் சிரிப்பு கிடையாது, அப்புறம் விகடகவிக்கு என்ன வேலை? காலையில் வருவான், ராஜாவுக்குப் பக்கத்தில் உட்காருவான். அவரும் பேசமாட்டார், இவனும் பேசமாட்டான். சாயங்காலமானால் எழுந்து வீட்டுக்குப் போவான். ராஜாவுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர் பிரதானி அனந்தப்பர். இருபது வருஷமாகச் சபையில் பேசிப் பேசித் தொண்டை வறண்டவர் அவர். அவருக்குத் தூணோரத்தில் இடம், பேசாமல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ராஜாவின் பக்கத்தில் இடம் என்றால் மனுஷனுக்குப் பொறுக்குமா?

கார்த்திகை பிறந்த சமயம். ஒருநாள் சபையில் ராஜா கைக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, “பூதலிங்கம், இந்தத் தலை எனக்கு வேண்டாம்” என்றார்.

“தலை போய்விட்டால் கிரீடத்தை எங்கே வைப்பது, மகாராஜா?”

யாரும் சிரிக்கவில்லை. ராஜாவும்தான்.

“இந்த நரையைச் சொல்கிறேன். காலையில் எழுந்து முகம் பார்க்கும்போதெல்லாம், அவள் இல்லை, அவள் இல்லை என்று இது சொல்கிறது. பழையபடி கருத்துவிட்டால் பேசாமல் இருக்கும். இதைக் கருப்பாக்க வேண்டும்.”

பிரதானி தூணோரத்திலிருந்து ஓடி வந்தார். “மகாராஜா, மருதாணி இட்டால் நரை மறையும் என்று கேள்வி. விகடகவியின் தமக்கை அதில் கைதேர்ந்தவராம். மூன்று நாள் கெடு கொடுங்கள். ஒரு நரை மிஞ்சினாலும் விகடகவியின் தலை மிஞ்சக்கூடாது.”

பூதலிங்கம் எழுந்து நின்றான். “மகாராஜா, துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு மருதாணி ஆகாது. ராணியம்மா போய் ஏழு மாதம்தான் ஆகிறது.”

“அதெல்லாம் குடிஜனங்களுக்கு! மகாராஜாவுக்கு ஏது விதி?” என்றார் பிரதானி.

ராஜா கண்ணாடியைத் திரும்பவும் கையில் எடுத்தார். “மூன்று நாள்” என்றார்.

பூதலிங்கத்தின் அக்கா குஞ்சரம். ஐம்பத்தைந்து வயது. தாய் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கினவள் அவள்தான். கல்யாணமான புதிதில் ஆடி மாதம் வந்துவிட்டால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கையை நீட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நிற்பார்கள். அவள் அரைத்து வைத்தால் அப்படிப் பிடிக்கும். அவளுக்கு இருபத்தெட்டு வயதாகும்போது புருஷன் பாம்பு கடித்துப் போனான். அன்றோடு அவள் மருதாணியைத் தொடுவதில்லை. தாலி இழந்தவள் தொடக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம்.

தம்பி வந்து விஷயத்தைச் சொன்னதும் அவள் அம்மிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

“பச்சை இலையா பறிச்சிட்டு வா. காம்பைக் கிள்ளிப் போட்டுடு. நாலு நெல்லிக்காயைத் தட்டிப்போட்டு விழுதா அரை. இரும்புச் சட்டியில ஒரு ராத்திரி கிடக்கட்டும். காலையில தலையில அப்பி, வாழை இலையைச் சுத்திக் கட்டிடு. மத்தியானம் வரைக்கும் ஆடாம அசையாம உட்காரணும். கழுவினா செக்கச்செவேல்னு இருக்கும், பயந்துடாதே. மறுநாள் அவுரிப் பொடியைத் தண்ணியில குழைச்சு அதுமேல வை. கருத்துடும். முதல்ல மருதாணி, அப்புறம்தான் அவுரி. மாத்தினியோ, அவுரி நரையில நிக்காது.”

அவள் வாயால் சொல்ல, அவன் கையால் அரைத்தான். அவள் ஒரு இலையைக்கூடத் தொடவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் ராஜாவின் தலையைக் கழுவினார்கள். கண்ணாடியைப் பார்த்த ராஜா போட்ட சத்தத்தில் மாடத்துப் புறாவெல்லாம் பறந்துவிட்டது. தலை செங்கல் நிறத்தில் இருந்தது.

“ஐயையோ! மகாராஜாவின் திருமுடியைச் செங்கல் சூளையாக்கிவிட்டானே! கழுமரம் எங்கே?” என்று குதித்தார் பிரதானி.

பூதலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “நரை மிஞ்சக்கூடாது என்பதுதானே ஆணை? பிரதானியாரே வந்து தேடிப் பார்க்கட்டும். ஒரே ஒரு வெள்ளை முடியை எடுத்துக் காட்டினால், கழுமரத்துக்கு நானே வழி கேட்டுப் போய்விடுகிறேன்.”

பிரதானி தேடினார் பாருங்கள், அப்படித் தேடினார்! பேன் பார்க்கிற மாதிரி வகிடு வகிடாகப் பிரித்துத் தேடினார். கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். சிவப்பு உண்டு, வெள்ளை இல்லை.

“கெடு நாளைக்குத்தானே முடிகிறது? நாளை வரைக்கும் பொறுத்தருளுங்கள், மகாராஜா” என்றான் பூதலிங்கம். மறுநாள் அவுரி வைத்தான். சாயங்காலத்துக்குள் ராஜாவின் தலை காக்கைச் சிறகாகக் கருத்துவிட்டது.

இதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! துக்கம் அப்படியெல்லாம் விட்டுவிடுமா?

மூன்று நாள் ராஜா கண்ணாடியோடு சமாதானமாக இருந்தார். நாலாம் நாள் கோட்டை வாசலில் கிழக் காவல்காரன் ஒருவன் தலைப்பாகையை எடுத்துக் கும்பிட்டான். வெள்ளை வெளேரென்று தலை. ராஜாவின் முகம் சுண்டிவிட்டது. கடைத்தெருவில் பார்த்தால் அங்கே ஒரு வெள்ளைத் தலை, குளத்தங்கரையில் பார்த்தால் அங்கே நாலு. தன் கண்ணாடியில் வாயை மூடிக்கொண்டது ஊர் முழுக்க நின்று பேசுகிறதே என்று ஆகிவிட்டது அவருக்கு.

“இந்த ராஜ்யத்தில் நரையே என் கண்ணில் படக்கூடாது. ஆணை எழுதுங்கள்” என்றார்.

எழுத உட்கார்ந்தவர் யார்? அனந்தப்பர்தான். அவர் எழுதிய ஓலையைத் தமுக்கடித்துத் தெருத் தெருவாக வாசித்தார்கள்:

“மார்கழிப் பௌர்ணமி முதல் இந்த ராஜ்யத்தில் நரை தெரியக்கூடாது. மருதாணியும் அவுரியும் இட்டு எல்லோரும் தலையைக் கருப்பாக்கிக்கொள்ள வேண்டும். மொட்டையும் முக்காடும் துக்கத்தின் அடையாளமாதலால் அவையும் கூடாது. ஒரு நரை தெரிந்தாலும், அவர் எவராயினும், படகில் ஏற்றி அக்கரைக் காட்டில் விடப்படுவார். நரையைக் கண்டும் சொல்லாமல் மறைத்தவருக்கும் அதே தண்டனை. இதை நிறைவேற்றப் பொறுப்பேற்கும் மருதாணி அதிகாரி, விகடகவி பூதலிங்கம்.”

அக்கரைக் காட்டுக்குப் போனவர் எவரும் திரும்பி வந்ததில்லை. புலி ஒரு பக்கம், பட்டினி ஒரு பக்கம். பிரதானி எதற்காக இப்படி ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்து எழுதினார் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். குஞ்சரத்தின் தலை நரைத்த தலை. அவள் மருதாணி தொடமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். அவளைப் பிடித்துக் கொடுத்தால் பூதலிங்கத்துக்கு அக்கா இல்லை. ஒளித்து வைத்தால் அவனே இல்லை. பாவி மனுஷன், ஒரு இடத்தைப் பிடிக்க எப்படியெல்லாம் புத்தி போகிறது!

அந்த ஒரு மாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறமாட்டேன் என்கிறது. மார்கழிக் குளிரில் கிழடு கட்டைகள் எல்லாம் தலையில் ஈர விழுதை அப்பிக்கொண்டு, இலையைக் கட்டிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இளைப்பு நோய்க்காரர்களும் உட்கார்ந்தார்கள். சடையாண்டி என்று ஒரு குயவர், எண்பது வயது. நெஞ்சில் சளி கட்டி மூன்றே நாளில் போய்விட்டார். அவர் பெண்டாட்டி மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தபோது அவள் தலையிலும் மருதாணி காயாமல் இருந்தது. புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் மருதாணித் தலையோடு ஒரு பெண்! பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்படிப் பதினொரு பேர் போனார்கள்.

பூதலிங்கம் சபையில் போய்ச் சொன்னான். “மகாராஜா, பதினொரு பேர் இறந்துவிட்டார்கள். ஆணையைத் திரும்பப் பெற வேண்டும்.”

ராஜா வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “கருத்த தலையோடுதானே போனார்கள்?” என்று கேட்டார்.

ஒரு நல்ல மனுஷன் இப்படிக் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டாரே என்று பூதலிங்கத்துக்கு அழுகைதான் வந்தது.

பௌர்ணமிக்கு நாலு நாள் இருக்கும்போது இலையும் தீர்ந்துவிட்டது. ஊர் வேலிகளில் இருந்த மருதாணிச் செடியெல்லாம் வெறும் குச்சியாக நின்றது. மிச்சம் இருந்த இரண்டு வண்டி இலையை அரண்மனைக்கு என்று சொல்லிப் பிரதானியின் ஆட்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். வண்டி அரண்மனைக்கு வரவில்லை. பிரதானி வீட்டில் அவர், அவர் தம்பிமார், மாமன் மச்சான் என்று நரைத்த தலைகளுக்கா பஞ்சம்? பூதலிங்கம் போய்க் கேட்டதற்கு ஒரே ஒரு கைப்பிடி இலையைக் கொடுத்து, “இவ்வளவுதான் இருக்கிறது, விகடகவியாரே” என்று சொல்லி அனுப்பினார்.

அந்தக் கைப்பிடி இலையைக் கொண்டு வந்து பூதலிங்கம் அக்கா முன்னால் வைத்தான்.

“அக்கா, இது உன் தலைக்குப் போதும். உனக்கு வெச்சு விட்டுடறேன். ராஜா தலை எப்படியோ போகட்டும்.”

“எடுத்துட்டுப் போடா அதை.”

“உசிரு போயிடும்க்கா!”

“போகட்டும்.”

“ஊர் வழக்கத்துக்குப் பயந்தா? ஊரே இப்ப வெச்சுக்கிட்டுத்தானே இருக்கு? யாரு உன்னை என்ன சொல்லப்போறா?”

“வழக்கம் கிடக்கட்டும். எனக்கு வேண்டாம்னா வேண்டாம். என்னை ஒளிச்சு வைக்கிற எண்ணம் ஏதாவது இருந்தா அதையும் விட்டுடு. ஒளிச்சா ரெண்டு உசிரு போகும். பௌர்ணமி அன்னைக்கு நானே சபைக்கு வர்றேன், நீயே கூட்டிக்கிட்டுப் போ.”

அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள், ஆனால் சொன்னதை மாற்றவில்லை. அழுது முடித்தபின் பூதலிங்கம் முகத்தைக் கழுவினான். ரொம்ப நேரம் அந்த இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் அதை அரைத்து ஊறவைத்து எடுத்துக்கொண்டு போய் ராஜாவின் தலையில் வைத்தான், மறுநாள் அவுரியும் வைத்தான். ராஜா கண்ணாடியைப் பார்த்தார், நெற்றிக்கு மேல் பளபளவென்று கருப்பு. திருப்தியாகத் தலையாட்டினார். பூதலிங்கம் திரும்பி வருகிற வழியில் நாவிதர் வீட்டில் நுழைந்து இரண்டு பெரிய கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டான்.

பௌர்ணமியும் வந்தது. சபை கூடியது. எங்கு பார்த்தாலும் கருந்தலை. ஒரு கிழவர்கூட இல்லாத மாதிரி ஒரு சபை. ஆனால் அத்தனை முகத்திலும் சாவு வீட்டுக் களை.

பூதலிங்கம் அக்காவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தான். அவள் முக்காடு போடவில்லை. வெள்ளைத் தலையை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றாள்.

பிரதானிக்கு வாயெல்லாம் பல். இவன் ஒளித்து வைப்பான், தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று ஆட்களை ஏவி வைத்திருந்தவர், ஆடு தானாக வந்து நிற்கிறதே என்று பூரித்துப்போனார். “மகாராஜா! மருதாணி அதிகாரியின் வீட்டிலேயே நரை! ஆணை எவராயினும் என்று சொல்கிறது. படகு காத்திருக்கிறது.”

ராஜாவின் முகம் வெளிறிவிட்டது. “பூதலிங்கம், ஒரு மாதம் இருந்ததே. ஏன் இவருக்கு இட்டுவிடவில்லை?”

“இவர் மறுத்துவிட்டார், மகாராஜா. மறைத்தால் குற்றம் என்பதால் நானே அழைத்து வந்தேன். ஆணைப்படி நடக்கட்டும். ஆனால் அதிகாரி என்ற முறையில் எனக்கு ஒரு கடமை இருக்கிறது. நரையைக் கண்ட வரிசைப்படிதானே படகில் ஏற்ற வேண்டும்? என் தமக்கைக்கு முன்னால் இன்னொருவர் இருக்கிறார். அவர் நரையை நான் கண்டு பத்து நாளாகிறது. ஆணை இன்றுதான் நடப்புக்கு வருகிறது, இன்றே சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக யார் கண்ணுக்கும் தப்பாது.”

“யார் அவர்?”

“பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. ஆளைக் காட்டுகிறேன்.”

பூதலிங்கம் ஒரு கண்ணாடியை ராஜாவின் கையில் கொடுத்தான். இன்னொன்றை எடுத்துக்கொண்டு சிம்மாசனத்துக்குப் பின்னால் போய் நின்றான். ராஜாவின் குடுமியை மெதுவாகத் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை அதற்கு நேராகச் சாய்த்தான்.

ராஜா பார்த்தார். முன்னால் மட்டும் பார்த்துப் பழகிய மனுஷன், பிறந்ததிலிருந்து தன் பின்தலையைப் பார்த்ததில்லை. குடுமிக்குக் கீழே, பிடரியில், காதுக்குப் பின்னால், ஒரு விரல்கடை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று வேர் விட்டு வளர்ந்திருந்தது.

“மருதாணி மேலே இருக்கிற முடியைத்தான் பிடிக்கும், மகாராஜா. அடியிலிருந்து வளர்கிறது அதற்குத் தெரியாது. ஊரில் இலை இல்லை. கிடைத்தது ஒரு கைப்பிடி. தாங்கள் கண்ணாடியில் பார்க்கிற இடத்துக்கு மட்டும்தான் அது போதுமானதாக இருந்தது” என்றான் பூதலிங்கம்.

அப்புறம் பிரதானியின் பக்கம் திரும்பினான். “பிரதானியாரே, நீர் தினமும் மகாராஜாவுக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி நடக்கிறவர். இந்த நரை உம் கண்ணில் படவில்லையா?”

பிரதானி என்ன சொல்வார்? பார்த்தேன் என்றால் மறைத்த குற்றம். பார்க்கவில்லை என்றால் நம்புவதற்கு ஆள் இல்லை.

“போகட்டும். நாட்டில் இலையே இல்லாதபோது உம் தலை மட்டும் இன்று காலையில் இட்ட மாதிரி மின்னுகிறதே? உம் இரண்டு காது மடலிலும் மருதாணிச் சிவப்பு அழியாமல் ஒட்டியிருக்கிறதே? மகாராஜாவுக்கு ஒரு கைப்பிடி, உமக்கு இரண்டு வண்டியா?”

பிரதானி இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அதைவிடச் சாட்சி வேண்டுமா?

பூதலிங்கம் ராஜாவின் முன்னால் வந்து கைகூப்பினான். “படகில் மூன்று பேர் உட்காரலாம், மகாராஜா. வரிசைப்படி முதலில் தாங்கள். அடுத்து என் தமக்கை. மூன்றாவதாக, கண்டும் மறைத்த பிரதானியார். எவராயினும் என்பது தங்கள் முத்திரை வைத்த ஆணை. துடுப்பை நான் போடுகிறேன். புறப்படலாமா?”

காவலர்களின் கை வாளுக்குப் போய்விட்டது. அக்கா மட்டும் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் தலையும் போகப்போகிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

ராஜா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் கருப்பு, பின்னால் வெள்ளை, காதைப் பொத்திக்கொண்டு ஒரு பிரதானி, துடுப்புப் போட ஒரு விகடகவி. அவருடைய தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது சிரிப்பு. எட்டு மாதமாக அந்த அரண்மனை கேட்காத சிரிப்பு. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “முதலில் நானா! படகில் முதலில் நானா!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சபையில் ஒருவர் இருவரும் பயந்து பயந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி, கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க அழுதார். சித்திரையிலிருந்து சேர்ந்தது அத்தனையும் வந்தது. பூதலிங்கம் எப்போதும் போலப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அழுகை ஓய்ந்ததும் ராஜா குஞ்சரத்தைப் பார்த்தார். “அம்மா, உயிர் போகும் என்று தெரிந்தும் ஏன் மறுத்தீர்கள்?”

அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

“மகாராஜா, எங்க வீட்டுக்காரர் போன அன்னைக்குக் காலையிலதான் ரெண்டு கையிலயும் மருதாணி வெச்சு எடுத்திருந்தேன். நல்லாப் பிடிச்சிருக்குன்னு அவர் பார்த்துட்டுப் போனார். மத்தியானம் தூக்கிட்டு வந்தாங்க. எல்லாத்தையும் கழட்டச் சொன்னாங்க, அழிக்கச் சொன்னாங்க. மத்ததெல்லாம் போச்சு. கையில இருந்தது மட்டும் போகலை. சாம்பல் போட்டுத் தேய்ச்சாங்க, அப்பவும் போகலை. உள்ளங்கையில இருபது நாள் இருந்தது. நகத்துல ஆறு மாசம் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமா நுனிக்கு வந்துச்சு. அது இருக்கிற வரைக்கும் அவர் பார்த்தது என்கிட்ட இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். கடைசி நகத்தை வெட்டின அன்னைக்குத்தான் எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது.”

“அப்புறம்?”

“அப்புறம் தம்பிக்குப் பசிச்சது. உலை வெச்சேன். அதுக்கப்புறம் மருதாணி வாசம் வந்தாலே நான் அந்தத் தெருவைச் சுத்திக்கிட்டுப் போவேன். அவர் பார்த்த மருதாணிதான் எனக்குக் கடைசி. அதுமேல இன்னொண்ணு வைக்க எனக்கு மனசு வரலை. அதான்.”

அன்றைக்கே ஆணையோலையை ராஜா தன் கையால் கிழித்தார். அனந்தப்பரைப் பதவியிலிருந்து இறக்கி, மொட்டையாக நிற்கிற ஒவ்வொரு மருதாணிச் செடிக்கும் அது துளிர்க்கும் வரை குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றச் சொன்னார். போன பதினொரு பேரைத் திரும்பக் கொண்டுவர எந்த ஆணைக்கும் சக்தி இல்லையே. ராஜா கிரீடமில்லாமல், அரைக் கருப்பும் அரை வெள்ளையுமான தலையோடு பதினொரு வீட்டுக்கும் நடந்தே போனார். சடையாண்டியின் பெண்டாட்டி அவரை உட்காரச் சொல்லவில்லை. நின்றுவிட்டு வந்தார். அது சரிதான் என்பேன் நான்.

மறுநாள் சபையில் தன் முத்துமாலையைக் கழற்றிப் பூதலிங்கத்தின் கழுத்தில் போட்டார். “வேறு என்ன வேண்டுமானாலும் கேள்” என்றார்.

“அந்த மருதாணி அதிகாரிப் பதவியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும், மகாராஜா. ஒரு மாதமாக என்னைக் கண்டாலே ஊர்க் கிழவிகள் தலையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறார்கள்.”

ராஜாவின் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. “பிடுங்கிவிட்டேன்” என்றார்.

தம்பியை அழைத்துக்கொண்டு போகக் குஞ்சரம் வாசலில் காத்திருந்தாள். ராஜா எழுந்து வாசல் வரைக்கும் வந்தார். யாருக்கும் கேட்காத குரலில் அவளிடம் கேட்டார்: “எனக்கு இது எப்போது விடும், அம்மா?”

அவள் அவருடைய தலையை நிமிர்ந்து பார்த்தாள்.

“நகம்னா ஆறு மாசம்னு சொல்லிடுவேன், மகாராஜா. உங்களுக்குத் தலைமுடி. நீளம் ஜாஸ்தி. கொஞ்சம் கூடவே ஆகும்.”

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தார். அக்காளும் தம்பியும் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்தச் சிரிப்புக் கேட்டது என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், எழுந்து வீட்டுக்குப் போங்கள்.